ஜங்ஷனில் நிற்பதற்குச் சம்பளம்

ஜூலை 21, 2025, திங்கள்

எங்கள் டிரஸ்ட் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே தலைவர் சார் ஒரு மெயிலை பிரிண்ட் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டார். சென்னைக் கம்பெனி ஒன்று இளைஞர் வன்முறையைத் தடுக்கும் வேலைக்கு சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி தருகிறதாம். கடைசி நாள் ஆகஸ்ட் 29. "நாம செய்யுறதுதானே, எழுதிப் போடும்மா" என்றார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எழுதிப் போடுவது என்றால் அவருக்கு ஒரு பக்கக் கடிதம். இங்கே படிவத்தின் அட்டவணைகளைப் புரட்டவே அரை மணி நேரம் ஆனது.

காகிதங்கள் பற்றிக் கவலையில்லை. 12ஏபி, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கு அரசு தரும் தர்பன் எண் எல்லாம் இருக்கின்றன. சிஎஸ்ஆர்-1 பதிவையும் மார்த்தாண்டத்து ஆடிட்டர் முன்பே முடித்துக் கொடுத்துவிட்டார். 2021 ஏப்ரலுக்குப் பிறகு அந்த எண் இல்லாமல் எந்த டிரஸ்டும் கம்பெனிப் பணத்தைத் தொட முடியாது.

சிக்கல் வேறு இடத்தில். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்தாக வேண்டும். எதற்குச் செலவு செய்யலாம் என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. கல்வி, தொழிற்பயிற்சி, விளையாட்டு, சுகாதாரம், நீர்நிலை என்று நீள்கிறது. வெட்டுக்குத்தைத் தடுப்பது என்று ஒரு வரி இல்லை. எனவே நாங்கள் செய்வதைக் கல்வியிலோ விளையாட்டிலோ ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். தடுப்பு வேலைக்குப் பணம் கேட்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் கால்பந்து வாங்கித் தருவது ஏன் என்று இப்போது புரிகிறது.

ஜூலை 24

படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் பகுதியில் இயங்கும் கும்பல்களின் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, தலைவர்.

இதை எழுதியவர் குமரி மாவட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார். இங்கே கும்பல் என்று போர்டு மாட்டிக்கொண்டு யாரும் இல்லை. ஜங்ஷனுக்கு ஒரு கிளப் இருக்கிறது. கலை மற்றும் விளையாட்டுக் கழகம், நற்பணி மன்றம். கொடிக்கம்பம், ஃபிளெக்ஸ், கேரம் போர்டு. ஓணத்துக்கு அத்தப்பூக்கோலமும் வடம் இழுப்பும் நடத்துவதும், யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு பைக்கில் பறப்பதும் அதே பையன்கள்தான். கோயில் கொடையிலோ சர்ச் திருவிழாவிலோ கானமேளா (பாட்டுக் கச்சேரி) நடக்கும்போது, மேடைக்கு முன்னால் ஆடுகையில் யாரோ யாரையோ இடிக்கிறான். அங்கே ஆரம்பிக்கும். மறுநாள் இன்ஸ்டாவில் ஒரு ஸ்டோரி. அதற்கு மறுநாள் இரண்டு பைக்கில் ஐந்து பேர், ஒருவன் முதுகில் வெட்டுக்கத்தி. இப்போது அது கும்பல். அதற்கு முந்தின வாரம் வெறும் கிளப்.

நான் பெயர் எதையும் எழுதப்போவதில்லை. அச்சில் பெயர் வந்தால் அதையே சட்டையில் அடித்துக்கொள்வார்கள். போலீஸ் வைத்திருக்கும் ரவுடி பட்டியலில் தன் பெயர் ஏறியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவனை எனக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கு இன்னொரு பயம். இரண்டு ஊர்ப் பையன்கள் சண்டை இரண்டு சாதிச் சண்டையாக, இரண்டு மதச் சண்டையாக மாற எவ்வளவு நேரமாகும்? 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பத்தியை மட்டும் தலைவர் சாரே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 30

புள்ளிவிவரம் கேட்கிறார்கள். 'பேஸ்லைன்', அதாவது திட்டத்துக்கு முந்தைய கணக்கு, இல்லாமல் மார்க் இல்லை. பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போட்டாயிற்று. முப்பது நாளில் பதில் வர வேண்டும், அதாவது கடைசித் தேதியை ஒட்டி. அப்படியே வந்தாலும் அது வழக்குகளின் கணக்கு. நடந்த அடிதடிகளின் கணக்கு இல்லை.

கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. அடிபட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேடு) எழுதுவார்கள், ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். அதனால்தான் காஷுவால்டி வாசலிலேயே கூட வந்தவன் காதில் ஓதுவான்: "பைக்ல இருந்து விழுந்தேன்னு சொல்லு." பைக்கில் இருந்து விழுந்தவனுக்கு முன்கையின் வெளிப்பக்கத்தில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், குறுக்காக ஒரே கோடாக எப்படி வெட்டு விழும்? கையைத் தூக்கித் தலையை மறைத்தவனுக்குத்தான் அப்படி விழும். தையல் போடுகிற நர்ஸுக்குத் தெரியாதா.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர் இதைத்தான் பிடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வரும் அடிதடிக் காயங்களில் பெரும்பங்கு போலீஸுக்கே போவதில்லை என்று கண்டு, அவசரப் பிரிவு வரவேற்பில் பெயரை விட்டுவிட்டு எங்கே, எப்போது, எந்த ஆயுதம் என்று மட்டும் குறித்து நகராட்சிக்கும் போலீஸுக்கும் கொடுக்கும் ஏற்பாடு அங்கே வந்தது. அதை வைத்து எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ஆள் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இதை அப்படியே படிவத்தில் வைத்தேன். இங்கே செய்ய ஆஸ்பத்திரி டீன் சம்மதிக்க வேண்டும். கேட்டுப் பார்ப்போம்.

ஆகஸ்ட் 5

'செயல்பாடுகள்' பகுதிக்காகக் களப்பணித் தம்பியோடு ராத்திரி ஜங்ஷனுக்குப் போனேன். அவனும் ஒரு காலத்தில் இரண்டு வழக்குக்குக் கோர்ட் படி ஏறியவன்தான். விடுதலையாகி வந்தவனைத் தலைவர் சார் பிடித்து வைத்துக்கொண்டார்.

ஒன்பதரை மணி. பரோட்டாக் கல் சூடு ஆறவில்லை. சாயக்கடை பெஞ்சில் நாலு பேர், ஒருவன் மட்டும் பைக்கை விட்டு இறங்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சாவி திருகியே இருந்தது, இன்ஜின் ஓடவில்லை, ஹெட்லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தம்பி நேராக அவனிடம் போகவில்லை. சாயா சொன்னான், பெஞ்சில் இருந்தவனிடம் மீன் விலை பேசினான், பிறகுதான் திரும்பி, "லே மக்கா, லைட்ட அணை, பேட்டரி போவும்" என்றான்.

அவன் அணைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அவனுவ ஸ்டேட்டஸ் போட்டத பாத்தியளாண்ணே" என்றான்.

"பாத்தேன். சவத்த விடுலே. ஒனக்கு கத்தார் விசா எப்ப வருது?"

"அடுத்த மாசம்னு ஏஜென்ட் சொன்னான்."

"அப்ப இன்னைக்கி எங்க போற?"

பதில் இல்லை. சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பதினொரு மணி வரை இருந்தோம்.

திரும்பி வரும்போது, "எக்கா, நான் ஒண்ணும் செய்யலியே, நின்னேன், அவ்வளவுதான். இத என்னன்னு எழுதுவிய?" என்றான்.

ஜெயிலுக்குப் பயப்படாத பையன் பாஸ்போர்ட்டுக்குப் பயப்படுவான். 1967 பாஸ்போர்ட் சட்டப்படி, கிரிமினல் வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். கோர்ட் அனுமதி வாங்கினால் கிடைக்கும், ஆனால் ஏஜென்ட் அதுவரை காத்திருக்க மாட்டான். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊரில் இதைவிட வலுவான வாதம் என்னிடம் இல்லை.

ஆகஸ்ட் 12

பட்ஜெட். கம்பெனியின் கன்சல்டன்ட் பெண் ஜூமில் வந்தார். நல்ல பெண், பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவர் எக்செலில் சம்பளத் தலைப்பு சிவப்பாகிவிடுகிறது. மொத்தத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஆள் செலவு போனால் போர்டு ஒத்துக்கொள்ளாதாம். "ஓப்பன் ஜிம் ஒன்று வைத்தால் என்ன மேடம்? லோகோ போடலாம், திறப்பு விழா நடத்தலாம்."

ஜிம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடுராத்திரி ஒரு பைக் கிளம்பும்போது ஜிம் எழுந்து வந்து சாவியைக் கேட்காது என்றேன். சிரித்தார். சிவப்பு மாறவில்லை.

மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை ஜங்ஷனில் நிற்க இரண்டு பேர், ஆளுக்கு மாதம் பதினைந்தாயிரம், ஒரு வருடம். 3,60,000 ரூபாய். நான் கேட்பதில் உயிர்நாடி இந்த வரிதான். மற்றதெல்லாம் சுற்றி வைத்த பூ.

ஆகஸ்ட் 14

போர்ட்டல் 5 எம்பிக்கு மேல் ஏற்காது. ஆடிட் ரிப்போர்ட் 11 எம்பி. கரண்ட் இல்லை. மழை. இன்று இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20

இன்னொரு படிவம். பயனாளிகளின் பெயர், ஆதார், திட்டத்துக்கு 'முன்' ஒரு போட்டோ, 'பின்' ஒரு போட்டோ.

முடியாது என்று எழுதினேன், காரணத்தையும் சேர்த்து. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, வழக்கில் சிக்கிய சிறுவனை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முடிந்துபோன வழக்கை நன்னடத்தைச் சான்றிதழுக்காகப் போலீஸே கூட எடுத்துக் காட்டக் கூடாது என்கிறது அதே பிரிவு.

பதினெட்டு வயது என்ற எல்லையை இதில்தான் கண்ணெதிரே பார்க்கலாம். ஒரே சண்டை, ஒரே பைக். பின்னால் உட்கார்ந்தவனுக்குப் பதினேழு. அவன் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான், அவன் பழைய கணக்கு மூடப்படும். ஓட்டியவனுக்குப் பத்தொன்பது. அவன் சிறைக்குப் போவான், எஃப்ஐஆர் அவன் கூடவே வரும். திட்டங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகின்றன. 2023-இல் நாங்குநேரியில் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து சக மாணவர்கள் வெட்டிய பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழுவைப் போட்டது, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. அதுவும் பள்ளி, கல்லூரிகளைப் பற்றியதுதான், அதன் வேலை அது. பிளஸ் டூவில் நின்றுவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் இருபது வயதுக்காரனுக்கு வகுப்பறை எங்கே இருக்கிறது? என் விண்ணப்பத்தில் வயது 15 முதல் 24 என்று போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 28

அனுப்பிவிட்டேன். நேற்று விநாயகர் சதுர்த்தி, சிலைகளைக் கரைக்கும் நாள்வரை தம்பிக்குத் தூக்கம் கிடையாது. ஆர்டிஐ பதில் வரவில்லை. டீன் அலுவலகத்தில் "எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள்" என்றார்கள். கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 6

ஓணம் நேற்று. வடம் இழுப்பில் கயிறு அறுந்து இரண்டு அணியும் மல்லாக்க விழுந்ததில் ஊரே சிரித்தது, சிரிப்போடு போயிற்று. கத்தார்க்காரன் நடுவராக நின்றான். விசா இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பதில் வந்துவிட்டது. தேர்வாகியிருக்கிறோம், நிபந்தனையோடு. ஓப்பன் ஜிம்முக்கு முழுத்தொகை. களப்பணியாளர் இருவருக்குப் பதில் ஒருவர், ஆறு மாதம். போட்டோ கேட்ட படிவத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

தலைவர் சார் சந்தோஷப்பட்டார். பணம் வருகிறதே, வாங்கிக்கொள்வோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அதில் சம்மதம் இல்லை, சொல்லியும் விட்டேன். ஆறு மாதம் என்றால் மார்ச்சில் ஆள் போய்விடுவான். பங்குனி, சித்திரையில்தான் கொடைகளும் கானமேளாக்களும் நெருங்கி வரும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஜிம்மில் பன்னிரண்டு கருவி போட்டிருக்கிறார்கள், ஐந்து போதும். அதில் மிச்சமாகும் பணத்தில் இரண்டு பேருக்கும் முழு வருடச் சம்பளம் வந்துவிடுகிறது, தலைப்பை மட்டும் 'விளையாட்டுப் பயிற்சியாளர்' என்று மாற்ற வேண்டும். பொய்யில்லை, தம்பி பையன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறவன்தான். ஏழாவது அட்டவணையிலும் அது உட்காரும்.

மெயில் அனுப்பியாயிற்று. செவ்வாய் மூன்று மணிக்கு ஜூம் வைத்திருக்கிறார்கள். போர்டு ஆள் ஒருவரும் வருகிறாராம். தம்பியையும் கூட உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன். "நான் என்ன பேசப் போறேன் எக்கா" என்கிறான்.