‘யாருடைய பேரரசு?’: ஆஸ்டெக் நகர அரசுகளைத் தேர்வுக்குப் படித்த அனுபவம்

தொலைநிலைக் கல்வியில் முதுகலை வரலாறு படித்தபோது, பழைய அமெரிக்கச் சமூகங்கள் பற்றிய தாளின் முதல் ஒப்படைப்பில் எனக்கு 20-க்கு 8 மதிப்பெண் கிடைத்தது. ஸ்பானியர் வருமுன் மெக்சிகோப் பள்ளத்தாக்கின் நகர அரசுகளுக்கிடையே நிலவிய உறவுகளை விளக்குக என்பது வினா. ஸ்பானியர் வந்தபோது டெனோச்டிட்லானை ஆண்ட மொக்டெசுமாவின் அரண்மனை, நரபலி, ஏரிச் சேற்றை மேடாக்கி அமைத்த சினாம்பா தோட்டங்கள், ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸின் குதிரைகள் என்று தெரிந்ததையெல்லாம் ஆறு பக்கங்களில் கொட்டியிருந்தேன். திருத்தியவர், நான் ‘ஆஸ்டெக் பேரரசு’ என்று எழுதிய முதல் இடத்தில் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் ‘யாருடைய பேரரசு?’ என்று மட்டும் குறித்திருந்தார். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்தக் கேள்விக்கு விடை தேடியதே என் படிப்பாக அமைந்தது. இந்தப் பகுதியைத் தேர்வுக்கு எடுப்பவர்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்தப் பள்ளத்தாக்கில் அரசியலின் அடிப்படை அலகு அல்டெபெட்ல். அம்மக்கள் பேசிய நாவாட்ல் மொழியில் நீர், மலை என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்து உருவான பெயர் அது. ஒவ்வோர் அல்டெபெட்லுக்கும் தனக்கென ஒரு கோயில், ஒரு சந்தை, ஒரு தோற்றக் கதை, ‘பேசுபவர்’ என்று பொருள்படும் ட்லாட்டோவானி என்ற அரசர் உண்டு. இத்தகைய அரசுகள் பள்ளத்தாக்கில் மட்டும் ஏறத்தாழ 50 இருந்தன. சால்கோவைச் சேர்ந்தவன் தன்னைச் சால்கோக்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டானே தவிர, ஆஸ்டெக் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெயரை அனைவருக்கும் பொதுவாக்கியவர்கள் பிற்கால எழுத்தாளர்கள். இதை மனத்தில் வாங்கிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியைத் தீர்ப்பது வரைபடம். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் நான் தினமும் காலையில் ஐந்து ஏரிகளை வரைவேன்: வடக்கிலிருந்து சும்பாங்கோ, ஷால்டோகான், டெக்ஸ்கோகோ, தெற்கே ஷோச்சிமில்கோ, சால்கோ. நடு ஏரியின் கிழக்குக் கரையில் டெக்ஸ்கோகோ நகரம். மேற்குக் கரையில் அஸ்காபொட்சால்கோவும் ட்லாகோபானும். ஏரிக்குள்ளேயே ஒரு தீவில் டெனோச்டிட்லானும் அதை ஒட்டி ட்லாடெலோல்கோவும். பத்து நாள் வரைந்த பிறகு பெயர்கள் நாக்கில் புரண்டன என்பது ஒருபுறம் இருக்க, எந்த நகரம் எதற்கு அஞ்சியிருக்கும், எதனோடு கூடியிருக்கும் என்பதும் தாளிலேயே தெரியத் தொடங்கியது.

பாடத்தின் உயிர்நிலை 1428. மரபுக் கணக்குப்படி 1325-இல் டெனோச்டிட்லானை நிறுவிய மெஷிகா மக்கள், நூறாண்டுக் காலம் தெப்பானெக் இனத்தவரின் அஸ்காபொட்சால்கோவுக்குத் திறை செலுத்தி, அதன் போர்களில் கூலிப்படைபோல் உழைத்தவர்கள். அங்கே நீண்டகாலம் ஆண்ட டெசோசோமோக், 1418-இல் டெக்ஸ்கோகோ அரசரைக் கொல்வித்தபோது, அவருடைய மகன் நெசவால்கோயோட்ல் மலைகளுக்கு அப்பால் தப்பியோடினார். 1426-இல் டெசோசோமோக் இறந்ததும், மகன்களில் ஒருவரான மாஷ்ட்லா சகோதரனைத் தள்ளிவிட்டு ஆட்சியைப் பிடித்தார். அடுத்த சில மாதங்களில் டெனோச்டிட்லானின் அரசர் சிமால்போபோகா உயிரிழக்க, இட்ஸ்கோவாட்ல் அரியணை ஏறினார். இட்ஸ்கோவாட்லும் நெசவால்கோயோட்லும், மலைக்கு அப்பாலிருந்த ஊஷோட்சிங்கோ போன்ற அரசுகளின் படைத்துணையோடு 1428-இல் அஸ்காபொட்சால்கோவை வீழ்த்தினார்கள்.

வெற்றிக்குப் பிறகு அமைந்த முக்கூட்டணியில் டெனோச்டிட்லான், டெக்ஸ்கோகோ ஆகியவற்றோடு ட்லாகோபான் ஏன் இடம்பெற்றது என்பதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ட்லாகோபானும் தெப்பானெக் நகரமே. தோற்கடிக்கப்பட்ட இனத்துக்குள்ளிருந்தே ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டதால், மேற்குக் கரையின் பழைய திறைப்பாதைகள் உரிமைச் சண்டையின்றிக் கைமாறின. டெனோச்டிட்லானின் மெஷிகா, டெக்ஸ்கோகோவின் அகோல்வா, ட்லாகோபானின் தெப்பானெக் என்று பள்ளத்தாக்கின் மூன்று பெரும் மக்கட்பிரிவுகளுக்கும் ஆளுக்கொரு தலைநகரம் கிடைத்தது. திறையில் முதல் இரு நகரங்களுக்கும் ஐந்தில் இரண்டு பங்கு, ட்லாகோபானுக்கு ஒரு பங்கு என்பதே மரபாகச் சொல்லப்படும் கணக்கு. நடைமுறையில் பங்கீடு எப்போதும் இப்படியே இருந்ததில்லை. இந்த விளக்கத்தை விடையில் சேர்த்தால் மதிப்பெண் ஏறும் என்பது என் அனுபவம்.

கூட்டணி எப்படி இயங்கியது என்பதற்கு, 1541-ஐ ஒட்டி ஸ்பானிய ஆட்சியில் வரையப்பட்ட மெண்டோசா சுவடியின் பக்கங்களைப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. வெல்லப்பட்ட ஊர், கூரை சரிந்து தீப்பற்றிய கோயிலாக வரையப்பட்டிருக்கும். திறைப் பட்டியலில் கொடி என்றால் 20, மயிரிழைக் கற்றைபோன்ற குறி என்றால் 400, பை என்றால் 8000. நான் பென்சிலோடு உட்கார்ந்து துணிமூட்டைகளை எண்ணிப் பார்த்தேன். இன்றைய குவாத்தமாலா எல்லையருகே உள்ள ஷோகோனோச்கோ மாகாணத்துப் பக்கத்தில் கக்காவோ (சாக்லேட் செய்யும் கொட்டை) சுமைகளும் குவெட்சல் பறவையின் இறகுகளும் 40 ஜாகுவார் தோல்களும் இருக்கின்றன. இவற்றைச் செலுத்தும்வரை பெரும்பாலான ஊர்களில் பழைய ட்லாட்டோவானியே ஆண்டார். ஆளுநரும் நிலைப்படையும் எல்லா இடத்திலும் இல்லை. ஆகவேதான் அடக்கிய ஊரையே மறுபடி அடக்க வேண்டியிருந்தது.

திருமண உறவும் இருபுறமும் வெட்டியது. ட்லாடெலோல்கோ அரசர் மோகீவிஷ், டெனோச்டிட்லான் அரசர் அஷயாகாட்லின் சகோதரியை மணந்தவர். அவளை அவர் அவமதித்தார் என்பதையே போருக்குக் காரணமாகச் சொல்லி, 1473-இல் அஷயாகாட்ல் ஒரே தீவிலிருந்த அந்த அண்டை நகரைக் கைப்பற்றினார். பெருஞ்சந்தை அங்கே இருந்தது என்பதையும் சேர்த்தெழுதுங்கள்.

அடங்காதவர்களை மறந்துவிடக் கூடாது. மேற்கே பூரேபெச்சா அரசு அஷயாகாட்லின் படையைப் படுதோல்வியடையச் செய்தது. கிழக்கே நான்கு அல்டெபெட்ல்கள் சேர்ந்த ட்லாஸ்கலா கடைசிவரை தனித்தே நின்றது. ‘மலர்ப்போர்’ பலிக்குக் கைதிகளைப் பிடிக்க நடந்த சடங்குப் போர் என்று எழுதி நிறுத்தினால் பாதி விடைதான். ட்லாஸ்கலாவைச் சூழ்ந்துகொண்டு அதற்கு உப்பும் பருத்தியும் எட்டாதபடி நெருக்கியதும் அதே காலத்துக் கதை.

இன்னொன்று: இட்ஸ்கோவாட்ல் பழைய ஓவியச் சுவடிகளை எரிக்கச் செய்ததாக மரபு கூறுகிறது. ஸ்பானியர் காலத்தில் டெக்ஸ்கோகோ அரச வழியினர் எழுதிய வரலாறு, தங்கள் நகரைச் சரிசமமாக உயர்த்துகிறது. டெனோச்டிட்லான் தரப்பு மெஷிகாவையே முன்னிறுத்துகிறது. யார் சொன்னது என்று ஒரு வரி குறிக்காமல் எந்தத் தகவலையும் நான் பிறகு எழுதவில்லை.

இறுதித் தேர்வில் வினா சற்றே மாறி, முக்கூட்டணியின் உள்முரண்பாடுகள் என்று வந்தது. 1428-இல் தொடங்கி, 1515-இல் டெக்ஸ்கோகோ அரசரும் நெசவால்கோயோட்லின் மகனுமான நெசவால்பில்லி இறந்தபின் டெக்ஸ்கோகோவில் மொக்டெசுமாவின் ஆதரவோடு அரசரான ககாமாவுக்கும் அவருடைய சகோதரன் இஷ்ட்லில்ஷோச்சிட்லுக்கும் மூண்ட வாரிசுச் சண்டைக்கு மூன்று பக்கங்களில் வந்து சேர்ந்தேன். அந்தச் சகோதரன் பின்னாளில் ஸ்பானியர் பக்கம் சேர்ந்ததை எழுதும்போதுதான் கோர்டெஸின் பெயர் என் விடைத்தாளில் முதல்முறையாக வந்தது. அப்போது மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.