எம்-1 தாளில் மதிப்பெண் எங்கே ஒழுகுகிறது

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளுக்கு, பாடத்திட்ட ஒழுங்குமுறை (ரெகுலேஷன்) மாறும்போதெல்லாம் பெயர் மாறும். 2021 ஒழுங்குமுறையில் அது 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்', எம்ஏ3151. பேச்சில் மட்டும் என்றைக்கும் எம்-1தான். சீனியர்கள் பயமுறுத்துவதும் இதைச் சொல்லித்தான், நான்காம் ஆண்டு வரை அரியராகத் தொங்குவதும் பெரும்பாலும் இதுதான்.

கால்குலஸ் கடினம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தால் கதை வேறு. தொகையிடும் வரி சரியாக இருக்கும். அதற்கு முந்தைய வரியில் எல்லைகள் தப்பாக இருக்கும், அல்லது அடுத்த வரியில் மைனஸ் காணாமல் போயிருக்கும். ஒன்று படம், இன்னொன்று பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா. இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் மதிப்பெண் கணக்கு, ஏனென்றால் இதிலேயே பலர் ஏமாறுகிறார்கள். 2021 ஒழுங்குமுறைப்படி இன்டர்னல் 40, எழுத்துத் தேர்வு 60. எழுத்துத் தேர்வை 100க்கு எழுதுகிறோம், அது 60க்குக் குறைக்கப்படும். தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், எழுத்துத் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னலில் 30 வைத்திருப்பவருக்கு இன்னும் 20 போதும் என்று தோன்றும். போதாது. 60க்கு 27, அதாவது 100க்கு 45 எடுக்காவிட்டால் அரியர்தான். இன்டர்னலில் 15 மட்டும் வைத்திருப்பவருக்கு 60க்கு 35 தேவை, அது 100க்கு ஏறக்குறைய 59. ஆகவே இன்டர்னலுக்கான சைக்கிள் டெஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 'செமஸ்டர்ல பாத்துக்கலாம்' என்பது 14 மதிப்பெண் கூடுதல் சுமையைத் தானே தலையில் ஏற்றிக்கொள்வது.

வினாத்தாளில் பத்து 2 மார்க், ஐந்து 16 மார்க். யூனிட்டுக்கு ஒரு 16 மார்க், 'அ அல்லது ஆ' என்று வரும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 8+8 என்று பிரிந்திருக்கும்.

இனி வகுப்பறை. பாடத்திட்டத்தில் யூனிட்டுக்கு 9 பீரியட் பாடம், 3 பீரியட் டுடோரியல், மொத்தம் 60. கவுன்சலிங் முடிந்து தாமதமாகத் தொடங்கும் செமஸ்டரில் முதலில் பலியாவது டுடோரியல்தான். போர்ஷன் முடிக்க அதையும் பாட வகுப்பாக்கிவிடுவார்கள். நோட்டைப் பார்த்துப் போர்டில் எழுதி, மாணவர்கள் அதைக் காப்பி செய்து, மணி அடிக்கும் வகுப்புகள் நிறைய. அதற்காக எல்லாப் பழியையும் ஆசிரியர் மேல் போடுவது நியாயமில்லை. அறுபது பேர் கொண்ட வகுப்பில் 'புரியுதா?' என்று கேட்டால் அறுபது தலையும் ஆடும். அவர் அடுத்த கணக்குக்குப் போகத்தான் செய்வார்.

கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும். 'சார், புரியல' என்றால் அதே கணக்கை அதே வேகத்தில் இன்னொரு முறை போடுவார். 'மேடம், இந்த எக்ஸ் லிமிட் ஏன் பூஜ்யத்திலிருந்து ரூட் ஒய் வரைக்கும்?' என்று ஒரே ஒரு இடத்தைத் தொட்டால், சாக்பீஸை எடுத்துப் படம் போட்டே ஆக வேண்டும். தனக்குப் பழகிப்போனதால் ஆசிரியர் மனசுக்குள்ளேயே போட்டுவிடும் படம் அது. நோட்டில் அந்தப் படம் இல்லை என்பதுதான் நோட்டின் பெரிய குறை. ஸ்டாஃப் ரூமுக்குப் போகும்போது நீங்கள் போட்டுப் பார்த்துச் சிக்கிய தாளையும் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போகிறவருக்கு 'நோட்டைப் பாருப்பா' என்ற பதில்தான் கிடைக்கும்.

தமிழ் மீடியத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு சங்கதி. முதல் மாதத்தில் பயமுறுத்துவது சொற்கள்தான், கணக்கு இல்லை. 'பார்ஷியல் டெரிவேட்டிவ்' என்று போர்டில் எழுதுவது பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பகுதி வகைக்கெழு. 'ஹோமோஜீனியஸ் ஃபங்ஷன்' என்பது சமபடித்தான சார்பு. ஆய்லர் தேற்றமும் அதே பாடத்தில் ஏற்கெனவே வந்ததுதான். லிமிட் எல்லை, கன்டினியூட்டி தொடர்ச்சி, டிடர்மினன்ட் அணிக்கோவை, செயின் ரூல் சங்கிலி விதி. நாற்பது சொற்களை ஆங்கிலம், தமிழ் என இரண்டு பத்தியாக எழுதி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினால் முதல் இரண்டு வாரத் திணறல் பாதியாகும். பதினொன்றாம் வகுப்பை ஒழுங்காக நடத்தாமல் நேராகப் பன்னிரண்டுக்குத் தாவிய பள்ளிகளில் படித்தவர்களுக்கு அடிப்படையே விட்டுப்போயிருக்கும். வகையிடலும் தொகையிடலும் தொடங்குவது பதினொன்றில்தான். அவர்கள் அந்த இரண்டாம் தொகுதிப் புத்தகத்தை எடுத்து ஒரு வாரம் உட்காருவது எந்த கைடை விடவும் மேல்.

முதல் யூனிட் மேட்ரிக்ஸ். கால்குலஸே இல்லை, மார்க் அள்ளும் இடம். ஐகன் மதிப்புகளின் (அணியின் சிறப்பியல்புச் சமன்பாட்டின் மூலங்கள்) கூட்டல் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்குச் சமமா, பெருக்கல் அணிக்கோவைக்குச் சமமா என்று இரண்டையும் சரிபார்த்துவிட்டு ஐகன் வெக்டாருக்குப் போங்கள். அரை நிமிட வேலை.

இரண்டாம் யூனிட்டில் ஒரு மாறியின் வகையிடல். எக்ஸ்-இன் அடுக்கு எக்ஸ் என்ற சார்பை வகையிடச் சொன்னால் அடுக்கு விதியைப் போட்டு விடை எழுதிவிடுவார்கள். அடுக்கில் மாறிலி இருந்தால்தான் அந்த விதி செல்லும். லாக் எடுத்து வகையிட்டால் அதே சார்பை (1 + லாக் எக்ஸ்) ஆல் பெருக்கியது வரும். அடுத்த பொறி, மூடிய இடைவெளியில் பெருமம் சிறுமம். எக்ஸ்³ − 3எக்ஸ்² + 1, இடைவெளி −1/2 முதல் 4 வரை. வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கினால் எக்ஸ் = 0, 2. அங்கே மதிப்புகள் 1, −3. 'பெருமம் 1' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். முனைகளில் பார்த்தால் −1/2இல் 1/8, 4இல் 17. சரியான பெருமம் 17. முனைகளை விட்டவர் கடைசி மதிப்பெண்களை விட்டவர்.

மூன்றாம் யூனிட். சமபடித்தான சார்பின் பகுதி வகைக்கெழுக்களை முறையே எக்ஸ், ஒய் ஆல் பெருக்கிக் கூட்டினால் படி × சார்பு வரும் என்பது ஆய்லர் தேற்றம். ஆய்லர் தேற்றத்தில் கேட்கப்படும் யூ பெரும்பாலும் சமபடித்தானதாக இருக்காது. யூ என்பது (எக்ஸ் + ஒய்)/(√எக்ஸ் + √ஒய்) என்பதன் சைன் இன்வர்ஸ் என்று கொடுத்தால், சைன் யூதான் சமபடித்தானது, படி 1/2. தேற்றத்தைச் சைன் யூவுக்குப் போட்டு, பிறகு காஸ் யூவால் வகுக்க வேண்டும். விடை 1/2 டேன் யூ. நேராக யூவுக்கே போட்டு 1/2 யூ என்று எழுதுவது ஆண்டுதோறும் நடக்கும் விபத்து.

இரு மாறிப் பெருமம் சிறுமத்தில் எக்ஸ்³ + ஒய்³ − 3ஏஎக்ஸ்ஒய் கணக்கை எல்லோரும் போட்டிருப்பார்கள். ஆர், எஸ், டி என்பவை இரண்டாம் வரிசைப் பகுதி வகைக்கெழுக்கள் (எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய், ஒய்ஒய்). (ஏ, ஏ) புள்ளியில் ஆர்டி − எஸ்² என்பது 36ஏ² − 9ஏ² = 27ஏ², நேர்க்குறி. இதோடு 'சிறுமம்' என்று முடித்துவிடுகிறார்கள். ஆர் = 6ஏ. ஏ நேர்க்குறியானால் சிறுமம், எதிர்க்குறியானால் பெருமம். இரண்டு வாக்கியமும் எழுத வேண்டும். (0, 0) பெருமமும் இல்லாத, சிறுமமும் இல்லாத சேணப்புள்ளி என்பதையும் விடக் கூடாது.

லாக்ராஞ்சே பெருக்கியில் (ஒரு நிபந்தனைக்குள் பெருமம் சிறுமம் காண, அந்த நிபந்தனையை லாம்டா என்ற பெருக்கியோடு சேர்க்கும் முறை) கால்குலஸ் மூன்றே வரி, மீதி அல்ஜீப்ரா. மேல்மூடி இல்லாத பெட்டி, கன அளவு 32, தகடு குறைவாகச் செலவாக வேண்டும். மூன்று சமன்பாடுகள் வந்ததும் லாம்டாவைத் தனியாகக் கண்டுபிடிக்கப் போனால் பக்கம் பக்கமாக ஓடும். முதல் சமன்பாட்டை எக்ஸ் ஆல், இரண்டாவதை ஒய் ஆல், மூன்றாவதை இசட் ஆல் பெருக்குங்கள். மூன்றிலும் லாம்டா உறுப்பு ஒன்றேயாகிவிடும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எக்ஸ் = ஒய், ஒய் = 2இசட். ஆக 4இசட்³ = 32, இசட் = 2. பெட்டி 4, 4, 2. தகட்டுப் பரப்பு 48. முழு மூச்சில் எட்டு நிமிடம்.

நான்காம் யூனிட்டில் தொகையிடும் முறைகள். இ-யின் அடுக்கு 2எக்ஸ், அதோடு காஸ் 3எக்ஸ் பெருக்கியிருந்தால் பகுதித் தொகையிடலை இரண்டு முறை செய்ய வேண்டும். முதல் முறை எதை யூவாக எடுத்தீர்களோ, இரண்டாம் முறையும் அதே வகையையே எடுங்கள். மாற்றி எடுத்தால் போன வழியே திரும்பி வந்து, தொகையீட்டை ஐ என்று வைத்தால் 'ஐ = ஐ' என்று நிற்கும். இன்னொன்று, 1/எக்ஸ்² ஐ −1 முதல் 1 வரை தொகையிட்டு −2 என்று எழுதுவது. எங்கும் நேர்க்குறியாக இருக்கும் சார்புக்குப் பரப்பு எதிர்க்குறியில் வருமா? நடுவில் பூஜ்யத்தில் சார்பு வெடிக்கிறது, தொகையீடு விரிகிறது, அதாவது அதற்கு முடிவான மதிப்பே இல்லை. விடையின் குறியைப் பார்த்தே தப்பைப் பிடித்திருக்கலாம்.

ஐந்தாம் யூனிட்தான் ஆட்களை வீழ்த்துவது. இங்கே படம் இல்லாமல் பேனாவைத் தொடவே கூடாது.

இரட்டைத் தொகையீட்டில் எக்ஸ், ஒய் எதை முதலில் தொகையிடுவது என்ற வரிசையை மாற்றும் கணக்கை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் எக்ஸ்² முதல் 2 − எக்ஸ் வரை, உள்ளே இருப்பது எக்ஸ்ஒய். முதலில் வளைவுகளை வரைய வேண்டும்: பரவளையம், நேர்கோடு, ஒய் அச்சு. பரவளையமும் கோடும் (1, 1)இல் சந்திக்கின்றன. கோடு ஒய் அச்சை (0, 2)இல் தொடுகிறது. இப்போது உள்ளே நெடுக்காக ஒரு கோடு போட்டால் அதுதான் கொடுத்த வரிசை. கிடையாகப் போட்டால் புதிய வரிசை. அந்தக் கிடைக்கோட்டைக் கீழிருந்து மேலே நகர்த்திப் பாருங்கள். ஒய் = 1 வரை அதன் வலது முனை பரவளையத்தில் உட்கார்ந்திருக்கும். 1ஐத் தாண்டியதும் நேர்கோட்டுக்குத் தாவிவிடும். முனை தாவும் இடத்தில் பகுதி இரண்டாகப் பிரிகிறது. கீழ்ப்பகுதியில் ஒய் 0 முதல் 1, எக்ஸ் 0 முதல் √ஒய். மேற்பகுதியில் ஒய் 1 முதல் 2, எக்ஸ் 0 முதல் 2 − ஒய்.

கீழே 1/6, மேலே 5/24, கூட்டினால் 3/8. படம் போடாதவர்கள் ஒரே தொகையீடாக எழுதி, வெளி எல்லையில் எக்ஸை விட்டுவிடுவார்கள். விடையில் எக்ஸ் மிச்சம் இருந்தால் எங்கோ எல்லை தப்பு என்று அர்த்தம். இரட்டைத் தொகையீட்டின் வெளி எல்லைகள் எப்போதும் மாறிலிகள்தான். நேரம் இருந்தால் கொடுத்த வரிசையிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள், அதிலும் 3/8 வர வேண்டும். இ-யின் அடுக்கு −ஒய், கீழே ஒய், என்பது போன்ற கணக்குகளில் அந்தச் சோதனை நடக்காது. கொடுத்த வரிசையில் தொகையிடவே முடியாது என்பதால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறார்கள்.

போலார் ஆயங்களுக்கு மாற்றும்போது டிஎக்ஸ் டிஒய் என்பது ஆர் டிஆர் டிதீட்டா ஆகும். அந்த ஆர் ஏன் வருகிறது என்று மூன்றாம் யூனிட்டின் ஜாக்கோபியன் (மாறிகளை மாற்றும்போது வரும் பகுதி வகைக்கெழுக்களின் அணிக்கோவை) சொல்லிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் அபூர்வம். இ-யின் அடுக்கு −(எக்ஸ்² + ஒய்²) கணக்கில் ஆரை மறந்தால் தொகையிட வழியே இல்லாமல் நிற்பீர்கள், ஆகவே அதில் தப்பிக்கலாம். எக்ஸ், ஒய் இரண்டும் 0 முதல் முடிவிலி வரை போகும் முதல் கால்பகுதி என்பதால் தீட்டா 0 முதல் பை/2 வரைதான், விடை பை/4. ஆபத்தானது ஆர் = 2ஏ காஸ் தீட்டா வட்டம். வட்டம்தானே என்று தீட்டாவை 0 முதல் 2பை வரை போட்டால் 2பைஏ² வரும். ஏ ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு பைஏ² என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தீட்டா −பை/2 முதல் பை/2 வரை போவதற்குள்ளேயே வட்டம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் அதையே இரண்டாம் முறை சுற்றுகிறீர்கள்.

மும்மைத் தொகையீட்டில் எக்ஸ்/ஏ + ஒய்/பி + இசட்/சி = 1 நான்முகி. மூன்று மேல் எல்லைகளையும் ஏ, பி, சி என்று வைத்தால் விடை ஏபிசி. அது பெட்டியின் கன அளவு. நான்முகி அதில் ஆறில் ஒன்று.

கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் வைத்திருப்பவர்கள் அதில் தொகையீட்டுப் பட்டன் இருப்பதைப் பல நேரம் கவனிப்பதே இல்லை. நான்காம் யூனிட்டின் வரையறுத்த தொகையீட்டு விடையை அதில் சரிபார்க்கலாம். முப்படிச் சமன்பாட்டின் மூலங்களையும் அதுவே தரும், ஐகன் மதிப்புக்கு உதவும். சைன், காஸ் வரும் தொகையீடுகளுக்கு ரேடியனில் இருக்கிறதா என்று மேலே ஒரு பார்வை. டிகிரியில் இருந்தால் கால்குலேட்டர் தவறு என்றே சொல்லாமல் தவறான எண்ணைத் தரும். படிகளை எழுதாமல் இயந்திர விடையை மட்டும் எழுதினால் ஸ்டெப் மார்க் கிடையாது.

அரியர் விழுந்துவிட்டால் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் முன் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். மறுமதிப்பீடு கேட்பதா என்பது அடுத்த கேள்வி. நகல் வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு கணக்கிலும் முதலில் தப்பிய வரியை மட்டும் வட்டமிடுங்கள். படம் இல்லாததால் தப்பிய வட்டம் எத்தனை, அல்ஜீப்ராவில் தப்பிய வட்டம் எத்தனை என்று எண்ணி, அதிகமாக இருப்பதிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.