தீட்டும் உணவும்: லேவியராகமத்தின் ஐந்து அதிகாரங்களைப் படித்துக் கடந்த அனுபவம்

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் வேதாகமத்தின் மூன்றாம் நூலான லேவியராகமத்தின் 11 முதல் 15 வரையுள்ள அதிகாரங்களை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அவற்றை விரைவாகக் கடந்துவிடும்படி சிலர் அன்போடு ஆலோசனை கூறினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பண்டைய இஸ்ரவேல் மக்கள் தங்கள் அடுப்பையும் படுக்கையையும் பிரசவத்தையும் சாவையும் கடவுளின் சந்நிதியோடு சேர்த்து எண்ணிப் பார்த்த பகுதி அது. அதைத் தள்ளிவிட்டால் ஆலயமும் பலியும் மட்டுமல்லாமல், நற்செய்தி நூல்களில் வரும் பல வாக்குவாதங்களும் நமக்குப் பிடிபடாமல் போய்விடும்.

விளக்க நூல்களைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். எதனால் தீட்டு வருகிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது, எப்படி நீங்குகிறது, பலி தேவையா, தண்டனை உண்டா என்று ஐந்து பத்திகள். செத்த மிருகத்தைத் தொட்டவருக்குச் சாயங்காலம் வரை தீட்டு. மாதவிலக்குக்கு 7 நாள். எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொண்டால், மனிதப் பிணத்தைத் தொட்டவருக்கு 7 நாள், அதில் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த தண்ணீர் தெளிக்கப்பட வேண்டும். பக்கங்கள் நிரம்ப நிரம்ப, தண்டனைக்கான பத்தி மட்டும் ஏறக்குறைய காலியாகவே இருந்தது. தீட்டுப்படுவதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. தீட்டோடு சமாதான பலியின் மாமிசத்தைப் புசித்தாலோ, பரிசுத்த ஸ்தலத்தைத் தீட்டுப்படுத்தினாலோ, சுத்திகரித்துக்கொள்ள மறுத்தாலோதான் குற்றம்.

இது தெளிவானதும் மற்றவை ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கின. பெற்றோரை அடக்கம் செய்வது கடமை. பிணத்தால் தீட்டுப்படக் கூடாது என்று விதிக்கப்பட்ட ஆசாரியனுக்குக்கூட, நெருங்கிய இரத்த உறவினருக்காக லேவியராகமம் 21ஆம் அதிகாரம் விலக்கு அளிக்கிறது. பிள்ளை பெறுவது ஆசீர்வாதம். இரண்டுமே தீட்டைக் கொண்டுவருகின்றன. ஆகவே இங்கே தீட்டு என்பது ஒருவரின் நல்லொழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது; சந்நிதியை நெருங்குவதற்கு முன் காத்திருக்க வேண்டிய ஒரு நிலை. பிரசவித்த தாய் செலுத்தும் பாவநிவாரணபலி இதற்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் 4ஆம் அதிகாரத்தில் தவறு செய்தவனுக்குப் பலியின் முடிவில் மன்னிப்பு அறிவிக்கப்படுகிறது. 12ஆம் அதிகாரத்தில் தாய்க்கு மன்னிப்பு என்ற பேச்சே இல்லை, அவள் சுத்தமாகிறாள் என்று மட்டுமே கூறப்படுகிறது.

காத்திருக்க வேண்டியது ஏன் என்பதற்கு, பிணம், இரத்தப்போக்கு, விந்து, பிரசவம், தோல் நோய் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. எல்லாம் உயிர் வரும் வாசலிலோ போகும் வாசலிலோ நிற்பவை. தோல் நோய் மட்டும் இந்த வரிசையில் சேராததுபோல் தோன்றும். ஆனால் மோசேயின் சகோதரி மிரியாமுக்கு அந்த நோய் வந்தபோது அவர்களின் சகோதரன் ஆரோன், அவள் செத்துப் பிறந்த பிள்ளையைப் போல் ஆகிவிடக்கூடாது என்று மோசேயிடம் மன்றாடுகிறான். நோயுற்ற அந்த உடலில் அவர்கள் சாவையே கண்டார்கள். இந்த விளக்கத்தை ஜேக்கப் மில்கிரோம் என்ற யூத அறிஞர் விரிவாக முன்வைத்தார். என் நோட்டில் இருந்த கட்டங்களோடு மிக நன்றாகப் பொருந்தியதும் அதுவே.

வகுப்பில் பலரும் எதிர்பார்த்த விளக்கம் சுகாதாரம். 12ஆம் நூற்றாண்டிலேயே, மருத்துவராகவும் இருந்த யூத அறிஞர் மைமோனிடஸ் விலக்கப்பட்ட உணவுகள் உடலுக்கு ஆகாதவை என்று எழுதினார் என்பதால் அதை மரியாதையோடு பரிசீலிக்க வேண்டும். ஆயினும் மூல நூலே அதற்கு இடம் கொடுக்கவில்லை. தலை முதல் கால் வரை வெண்மை பரவி முழுவதும் வெளுத்துப்போனவனை ஆசாரியன் சுத்தமானவன் என்று அறிவிக்க வேண்டும் என்கிறது 13ஆம் அதிகாரம். வீட்டுச் சுவரில் தோஷம், அதாவது பூஞ்சை போன்ற கறை, தென்பட்டால், ஆசாரியன் வந்து பார்ப்பதற்கு முன்பே பொருள்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறது 14ஆம் அதிகாரம். அவன் அறிவித்த பிறகே தீட்டு ஒட்டும் என்பதால் ஏழை வீட்டுச் சாமான்கள் தப்புகின்றன. தொற்றை அஞ்சிய சட்டம் இப்படி எழுதப்பட்டிருக்காது. தானாய்ச் செத்ததை இஸ்ரவேலர் உண்ணக் கூடாது, அந்நியருக்குக் கொடுக்கலாம் அல்லது விற்கலாம் என்று உபாகமம் 14:21 கூறுவதோடு அந்த விளக்கம் முற்றிலும் தளர்ந்துவிடுகிறது.

உணவுச் சட்டங்களுக்குத் தனியாக ஒரு கட்டம் போட வேண்டியிருந்தது, ஏனெனில் பன்றி இறைச்சி உண்டவர் சுத்தமாவதற்கென்று ஒரு சடங்கு அங்கே இல்லை. இருப்பது தடை மட்டுமே. விரிகுளம்பும் அசைபோடுதலும் சேர்ந்த மிருகம், சிறகும் செதிளும் உள்ள நீர்வாழ் உயிர், சில வகை வெட்டுக்கிளிகள் ஆகியவற்றை உண்ணலாம். ஒட்டகம், குழிமுசல், முயல், பன்றி ஆகியவற்றை உண்ணக் கூடாது. படைப்பின் வகைகளுக்குள் ஒழுங்காக அடங்காதவையே விலக்கப்பட்டன என்று மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் எழுதியது புகழ்பெற்ற விளக்கம். பிற்காலத்தில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். என்னை அதிகம் ஈர்த்தது இரத்தத்தைப் பற்றிய சட்டம். மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்கிறது 17:11. ஆதியாகமத்தின் தொடக்கத்தில் மனிதனுக்குத் தாவரங்களே உணவாகத் தரப்படுகின்றன. வெள்ளத்திற்குப் பின்பே, இரத்தத்தை விலக்கி, இறைச்சி அனுமதிக்கப்படுகிறது. தாயின் பாலில் குட்டியைச் சமைக்காதே என்ற கட்டளை மூன்று இடங்களில் வருகிறது. உயிரை எடுக்கும் மனிதன் எல்லையோடு எடுக்க வேண்டும், அந்த எல்லையை அன்றாடம் தன் தட்டிலேயே காண வேண்டும் என்பதுதான் இவற்றின் உள்நோக்கம் என்று நான் கருதுகிறேன். அதோடு, பிற இனங்களிலிருந்து பிரிக்கப்பட்ட மக்கள் என்ற அடையாளத்தை 20ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே இவற்றுடன் இணைக்கிறது. கி.மு. 167இல் கிரேக்க அரசன் அந்தியோகஸ் எப்பிபானஸின் ஆட்சியில் யூத சமயத்தின்மேல் அடக்குமுறை வந்தபோது, பன்றி இறைச்சியை உண்ண மறுப்பது உயிரைக் கொடுத்துக் காக்கும் விசுவாசமாக நினைவுகூரப்பட்டதற்கு இதுவே காரணம்.

வகுப்பு நாளில் மிக நீண்ட பேச்சு 12ஆம் அதிகாரத்தைப் பற்றியது. ஆண் குழந்தை பிறந்தால் 7 நாளும் பின்பு 33 நாளும், பெண் குழந்தை பிறந்தால் 14 நாளும் பின்பு 66 நாளும் என்பதை வாசித்தவுடன், இரண்டு பெண் பிள்ளைகளின் தாயான ஒரு சகோதரி, "அப்படியானால் என் பிள்ளைகள் குறைந்தவர்களா?" என்று கேட்டார். நூல் இந்த வேறுபாட்டிற்குக் காரணம் கூறவில்லை என்பதை முதலில் சொன்னேன். பிறகு நோட்டின் கட்டங்களையே காட்டினேன்: செத்த மிருகத்தால் வரும் தீட்டு மாலையோடு முடிகிறது, மனிதப் பிணத்தால் வருவது 7 நாள் நீடிக்கிறது, மிருகத்தைவிட மனிதன் இழிந்தவன் என்று யாரும் இதிலிருந்து முடிவு செய்ய மாட்டார்கள். நாள் கூடினால் மதிப்புக் குறைந்தது என்ற கணக்கு இந்தச் சட்டத்தில் செல்லாது. காலம் நிறைந்தபின் மகனுக்கும் மகளுக்கும் தாய் கொண்டுவரும் பலியும் ஒன்றே. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். லூக்காவின்படி இயேசுவின் பெற்றோர் அந்த ஏழைகளின் பலியையே செலுத்தினார்கள்.

இந்தச் சட்டங்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்குத் தொல்லியல் சான்று ஏராளம். யூதேயாவிலும் கலிலேயாவிலும் படிகளோடு கூடிய சடங்குக் குளங்கள் நூற்றுக்கணக்கில் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. தீட்டுப்பட்ட மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும், கல்பாண்டத்திற்கோ தீட்டு ஒட்டாது என்பது யூதப் போதகர்களான ரபிமாரின் மரபு. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கலியாணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்ததன் பொருத்தம் இதுதான். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் தீட்டு விதிகளில் பெரும்பாலானவை நடைமுறையிலிருந்து விலகின. உணவுச் சட்டங்களும் மாதவிலக்கு விதிகளும் தொடர்ந்தன.

இந்த அதிகாரங்களை எடுத்து நடத்தப்போகிறவர்களுக்கு என் பரிந்துரை, 11ஆம் அதிகாரத்தில் தொடங்க வேண்டாம் என்பதே. முதலில் 17ஆம் அதிகாரத்தையும் எண்ணாகமம் 19ஐயும் வாசித்து, உயிருக்கும் சாவுக்கும் இந்தச் சட்டம் கொடுக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு 12 முதல் 15 வரை, அதன்பின் உணவுப் பட்டியல். இந்தத் தீட்டுகளிலிருந்தெல்லாம் பரிசுத்த ஸ்தலத்தை ஆண்டுக்கு ஒருமுறை சுத்திகரிக்கும் பாவநிவாரண நாளைப் பற்றிய 16ஆம் அதிகாரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.