ஏர் பிஸ்டலுக்கு எந்த பெல்லட்? எங்கே காசு போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது

"அண்ணே, இப்பவே மேட்ச் பெல்லட் வாங்கிடட்டுமா?" கிளப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத தம்பி தங்கைகள் கேட்கும் கேள்வி இது. பெல்லட் என்பது ஏர் பிஸ்டலில் போடும் சின்ன ஈயக் குண்டு, மேட்ச் பெல்லட் என்றால் போட்டிக்கான உயர்தர வகை. கேள்வி நியாயமானதுதான். சுடுதளத்தில் பக்கத்து லேனில் நிற்பவர் ஸ்பாஞ்சில் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்த பெல்லட்டை எடுத்துப் போடுகிறார், 9க்கும் 10க்கும் நடுவிலேயே அடிக்கிறார். நம் டின்னில் இருப்பதோ மலிவு விலைச் சரக்கு. குறை பெல்லட்டில்தான் இருக்கிறது என்று தோன்றத்தானே செய்யும்.

பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: 60 குண்டுக்கு, அதாவது 600 புள்ளிக்கு, உங்கள் ஸ்கோர் எவ்வளவு?

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கு அட்டையில் 10ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ அகலம். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி கிடைத்துவிடும். ஆகவே ஓட்டையின் மையம் அட்டையின் நடுவிலிருந்து 8 மி.மீக்குள் விழுந்தால் பத்து.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் கை ஆட்டத்தால் குண்டுகள் 30 மி.மீ அகலத்துக்குப் பரவுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டலை இடுக்கியில் இறுக்கிச் சுட்டால், நல்ல மேட்ச் பெல்லட்டின் மையங்கள் 2 மி.மீக்குள் அடங்கும், மலிவு பெல்லட் 5 மி.மீ பரவும். இரண்டு பரவலும் அப்படியே கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நல்ல பெல்லட்டோடு 30.07 மி.மீ, மலிவு பெல்லட்டோடு 30.4 மி.மீ. வித்தியாசம் மூன்று நான்கு தாளின் கனம் அளவுதான். அதே பெல்லட்டுகளை 12 மி.மீக்குள் அடிக்கும் ஒருவரிடம் கொடுத்தால் 12.2, 13 என்று வரும். ஓட்டைக் கூட்டம் நடுவிலிருந்து கொஞ்சம் விலகினால், அந்தக் கூடுதல் 0.8 மி.மீ கோட்டருகே விழும் ஒரு குண்டின் புள்ளியை மாற்றிவிடலாம். அவருக்கு அந்த ஒரு புள்ளிதான் சில சமயம் இறுதிச் சுற்றுக்குள் நுழைவதற்கும் வெளியே உட்கார்ந்து பார்ப்பதற்கும் இடையிலுள்ள இடைவெளி.

520, 530 அடிப்பவருக்கு நல்ல பெல்லட் கூடுதல் புள்ளி தராது. 560ஐத் தாண்டிய பிறகுதான் அந்தக் காசுக்கு அர்த்தம் வரும். ரைஃபிள் சுடுபவர்கள் இதைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பத்து என்பது 0.5 மி.மீ புள்ளி, ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் (10.1, 10.2 போல) 0.25 மி.மீதான். அது வேறு உலகம்.

ஆண்டுக் கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். வாரம் 4 நாள், நாளுக்கு 80 குண்டு என்றால் வாரம் 320. 50 வாரத்தில் 16,000. ஒரு டின்னில் 500 என்றால் 32 டின். பயிற்சி டின் பெரும்பாலும் மேட்ச் டின்னின் பாதி விலைக்கே கிடைக்கும். 32இல் 28ஐப் பயிற்சி டின்னாக வாங்கினால் 14 மேட்ச் டின்னுக்கான வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கையில் நிற்கும். சுடுதளக் கட்டணத்துக்கும் பயிற்றுநருக்கும் அது எவ்வளவோ உதவும்.

எதை வாங்குவது? தட்டைத் தலை பெல்லட் மட்டும். அது தாளில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை வெட்டும். உருண்டைத் தலையும் கூர்த் தலையும் தாளைக் கிழித்துவிடும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று நடுவரிடம் வாதாட வேண்டி வரும். இரும்பு உருண்டைகளை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பேரலின் (துப்பாக்கிக் குழலின்) உட்பள்ளங்கள் நாசமாகும், தடுப்பில் பட்டு முகத்துக்குத் திரும்பி வரும்.

பயிற்சிக்கு ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனத்தின் ஹாபி, பேசிக் இரண்டுமே 0.45 கிராம். அதே நிறுவனத்தின் மைஸ்டர்குகெல்ன் பிஸ்டல் வகையும், ஆர்10 பிஸ்டல் வகையும் அதே 0.45 கிராம். இந்த ஒற்றுமைதான் எனக்குப் பிடித்த விஷயம். பயிற்சிக்கும் போட்டிக்கும் எடை மாறாது. எச் அண்ட் என் நிறுவனத்தின் ஃபினாலே மேட்ச் பிஸ்டல் 0.49 கிராம். சீனாவின் கியாங் யுவான் பெல்லட்டில் பயிற்சித் தரம், மேட்ச் தரம், ஒலிம்பிக் தரம் என்று படிகள் உண்டு. சீனத் தயாரிப்பு என்று முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை இடுக்கியில் வைத்துச் சுட்டுப் பார்க்கட்டும்.

எடை மாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் தவறான இடத்தில் கவலைப்படுகிறார்கள். ஏர் பிஸ்டல் பெல்லட் சுமார் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகிறது. 10 மீட்டரைக் கடக்க 0.067 நொடி. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதைச் சுமார் 22 மி.மீ கீழே இழுக்கிறது. ஒரே டின்னுக்குள் ஒரு பெல்லட் 0.005 கிராம் கனம் கூடினால், அது கூடுதலாக இறங்குவது கால் மி.மீ மட்டுமே. ஒரு வளையமே 8 மி.மீ என்பதை நினைவில் வையுங்கள். பிஸ்டலுக்கு ஒவ்வொரு பெல்லட்டையும் நிறுத்துப் பிரிப்பது வீண் வேலை. அதிலும் சிலர் 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுக்கிறார்கள். நகைக்கடைக்கு அது போதும். ஆனால் 0.45 கிராம் பெல்லட்டில் அந்தத் தராசின் ஒரு படியே 2 விழுக்காட்டுக்கு மேல். நிறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

டின்னுக்கு டின் வகை மாற்றுவதுதான் தொல்லை. இன்றைக்கு 0.45, நாளைக்குக் கடையில் கிடைத்தது என்று 0.53 கிராம் ரைஃபிள் பெல்லட். அடி சுமார் 4 மி.மீ கீழே போகும், அரை வளையம். சைட்டை (குறி பார்க்கும் பாகத்தை) திருப்புவீர்கள், போட்டி அன்று மறுபடி திருப்புவீர்கள். நடுவில் உங்கள் கை தவறியதா, பெல்லட் மாறியதா என்றே தெரியாமல் போகும்.

உண்மையில் அடியைக் கெடுப்பது எடையல்ல, விளிம்பு. பெல்லட் உடுக்கை வடிவம். முன்னால் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் மெல்லிய ஈய விளிம்பு. அதை ஸ்கர்ட் என்பார்கள். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது பேரலை அடைத்துப் பிடிப்பது இந்த விளிம்புதான். ஈயம் மெத்தென்றது. டின்னைத் தரையில் போட்டால், பையில் குலுங்கினால், விரலை விட்டுத் துழாவினால் விளிம்பு நசுங்கும். நசுங்கிய பக்கமாகக் காற்று முந்திக்கொண்டு கசியும், பேரலின் வாயை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில் பெல்லட்டின் வால் ஒரு பக்கம் தள்ளப்படும். நான்கு குண்டு ஒரே ஓட்டையில் விழ, ஐந்தாவது மட்டும் தனியே போய் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சோதிப்பது எளிது. மென்மையான துணியின்மேல் ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும் கொட்டுங்கள். விளக்குக்கு நேரே பின்பக்கத்தைப் பாருங்கள். வட்டம் முழுசாக இருக்க வேண்டும், பிறை மாதிரி உள்வாங்கியிருந்தால் தள்ளிவிடுங்கள். சந்தேகம் என்றால் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டுங்கள். தலையைவிட விளிம்பு அகலம் என்பதால் நல்ல பெல்லட் சீரான வளைவில் உருளும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். மலிவு டின்னில் ஈயப் பிசிறும் தூளும் ஒட்டியிருக்கும், அதையும் அந்தத் துணியிலேயே உதறிவிடலாம். 80 பெல்லட்டைப் பார்க்க 5 நிமிடம். பிரித்தவற்றைத் தனி டப்பாவில் போட்டு, துண்டு ஸ்பாஞ்ச் வைத்து மூடினால் கிள்ளானிலிருந்து பைக்கில் கொண்டு வந்தாலும் ஆடாது.

டின்மேல் 4.49, 4.50, 4.51 என்று எழுதியிருப்பது தலையின் விட்டம். மேட்ச் பெல்லட்டில்தான் இது வரும், மலிவு டின்னில் பெரும்பாலும் இருக்காது. உங்கள் பேரலுக்கு எது பொருந்தும் என்று யாரும் பார்த்துச் சொல்ல முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும். எந்த அளவை வாங்குவது என்று தெரியாவிட்டால் 4.50இல் தொடங்குங்கள்.

சுட்டுப் பார்க்கும் முறை இது. நான்கு பேர் சேருங்கள், ஆளுக்கு ஒரு வகை டின் வாங்குங்கள், பகிர்ந்துகொள்ளுங்கள். கிளப்பில் இடுக்கி இருந்தால் நல்லது. இல்லையென்றால் மணல் பையின்மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துச் சுடலாம், ஆனால் அப்போது உங்கள் கையும் கணக்கில் கலந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. வகை மாற்றும்போது முதல் 10 குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். முந்தைய பெல்லட்டின் ஈயமும் பூச்சும் பேரலுக்குள் இருக்கும், புதியது தன் பூச்சைப் பதிக்கும்வரை அடி அலையும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், ஐந்து குண்டு சுட்டுவிட்டு "இது சரியில்லை" என்று டின்னை மூடிவிடுகிறார்கள். பிறகு ஐந்து அட்டை, அட்டைக்கு 5 குண்டு. வகைக்கு மொத்தம் 35. ஓட்டைக் கூட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை வெர்னியர் காலிபரால் அளந்து, 4.5 மி.மீ கழித்தால் மையங்களின் பரவல் வரும். ஐந்து அட்டையின் சராசரியைத்தான் எழுத வேண்டும். ஐந்தில் அழகான ஒன்றைப் படம் எடுத்து வாட்சாப் குழுவில் போடுவது சோதனை ஆகாது.

வெளிவிளிம்புக் கணக்கில் என் அளவுகோல் இப்படி: 7 மி.மீக்குள் வந்தால் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாம், 9வரை பயிற்சிக்குத் தாராளம், 11ஐத் தாண்டினால் இன்னொரு டின் வாங்க வேண்டாம். பரவலோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஓட்டைக் கூட்டம் அட்டையில் எங்கே விழுகிறது என்பதை. பயிற்சிப் பெல்லட்டும் போட்டிப் பெல்லட்டும் ஒரே இடத்தில் விழும் ஜோடி கிடைத்தால் விடாதீர்கள். ஒரு மி.மீ கூடுதலாகப் பரவினாலும் சைட்டைத் தொடத் தேவையில்லாத ஜோடியே மேல். போட்டிப் பெல்லட்டின் டின்னில் உள்ள லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண்) குறித்து, அதே எண்ணில் நான்கைந்து டின் வாங்கி வையுங்கள். அதே பெயர், அதே அளவு என்றாலும் லாட் மாறினால் மறுபடி சோதிக்க வேண்டியதுதான்.

யூடியூபில் .357 மேக்னம் ரவையை (கைத்துப்பாக்கித் தோட்டாவை) வீட்டிலேயே நிரப்புபவர்களைப் பார்த்துவிட்டு, "செம்பு உறை போட்டது நல்லது என்கிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. மேக்னம் ரவை நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் பறக்கும். அந்த வேகத்திலும் அழுத்தத்திலும் வெற்று ஈயம் பேரலில் அப்பிக்கொள்ளும் என்பதால் அங்கே செம்பு உறைக்கு வேலை இருக்கிறது. நம் பிஸ்டலின் வேகம் அதில் பாதிகூட இல்லை. இங்கே மெத்தென்ற ஈயம் உட்பள்ளங்களைக் கவ்வுவதுதான் நமக்கு வேண்டியது. செம்பு முலாம் பூசிய பெல்லட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பயனில்லை. ரவையை வீட்டில் நிரப்பும் பேச்சையே இந்த நாட்டில் எடுக்காதீர்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் பிஸ்டலே ஆயுதம்தான். துப்பாக்கிக்கும் பெல்லட்டுக்கும் கிளப் வழியாகவும் லைசென்ஸ் உள்ள கடை வழியாகவும் மட்டும் போங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று தபாலில் வரவழைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நம் ஊர் ஈரக்காற்று ஈயத்துக்கு எதிரி. மங்கிய சாம்பல் நிறம் பிரச்சினை இல்லை. வெள்ளை மாவு மாதிரி படிந்தால் அந்த டின் முடிந்தது. துடைத்துச் சுட முயலாதீர்கள், அந்த மாவு நச்சு. மர அலமாரியில் வைத்தால் சீக்கிரம் படியும், மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் டின்னைத் திறந்தால் உள்ளே வேர்க்கும், வெளிச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். மலிவு என்று இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வாங்குவது இந்தத் தட்பவெப்பத்தில் நஷ்டம். பயிற்சி டின்களை நான்கு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கினால் போதும்.

மலிவு பெல்லட் பேரலைச் சீக்கிரம் அழுக்காக்கும். ஒரு டின் முடியும்போது, துப்பாக்கியில் குண்டோ காற்றோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஃபெல்ட் துணுக்கைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். துணுக்கு கறுப்பாக வருவது நின்றால் போதும். அதன் பிறகும் முதல் பத்துப் பதினைந்து குண்டு அலையும். அதனால் போட்டிக்கு முந்தைய இரவு பேரலைத் துடைக்காதீர்கள்.

பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஈயம் நச்சு, தயவுசெய்து விட்டுவிடுங்கள், பார்த்தால் மற்றவருக்கும் சொல்லுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் தே தாரிக்கையும் ரொட்டி சானாயையும் தொட வேண்டும். பெல்லட் உதறிய துணியை வீட்டுத் துணிகளோடு மெஷினில் போடாமல் தனியாக அலசுங்கள். தடுப்புப் பெட்டியில் சேரும் நசுங்கிய ஈயத்தைக் குப்பையில் கொட்டாமல் கிளப்பில் ஒரே வாளியில் சேர்த்து, மூடி போட்டு, பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்.