ஒரே மேக்கில் இரண்டு புளூடூத் ஹெட்போன்

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில், இரண்டு பேர் சத்தமில்லாமல் சேர்ந்து படம் பார்க்க ஆப்பிளின் மேக் கணினியிலேயே வழி இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு ஹெட்போனையும் புளூடூத்தில் இணைத்துவிட்டு, ஆடியோ மிடி செட்டப் செயலியைத் திறந்து, கீழே இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி, ஒலியை ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு அனுப்பும் மல்டி அவுட்புட் டிவைஸ் உருவாக்கி, இரண்டையும் டிக் செய்யுங்கள். இரண்டாவதற்கு டிரிஃப்ட் கரெக்‌ஷன் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் போகப்போக ஒருவர் காதில் வசனம் முந்தும், இன்னொருவர் காதில் பிந்தும். அப்புறம் சவுண்ட் செட்டிங்கில் அதையே அவுட்புட்டாகத் தேர்ந்தெடுத்தால் சரி. ஒலியளவை மட்டும் கீபோர்டில் மாற்ற முடியாது, அவரவர் ஹெட்போனிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸுக்கு வாய்ஸ்மீட்டர் மாதிரி மென்பொருள் உண்டு. ஆனால் அதைவிட, 3.5 மிமீ துளையில் செருகி இரண்டு ஹெட்போனை இணைக்கும் புளூடூத் டிரான்ஸ்மிட்டரையே நான் சொல்வேன்.