மக்காச்சோளம்: உழவை மாற்றினால் உரம் வைக்கும் இடமும் மாறும்

சட்டிக் கலப்பை ஓட்டணுமா, மண்ணைப் பொடிக்கும் ரோட்டவேட்டர் ஒரு ஓட்டு போதுமா, உழாமல் நெல் அறுத்த தாளிலேயே ஊன்றிவிடலாமா என்று மக்காச்சோளக்காரர்கள் பேச உட்கார்ந்தால் டீ ஆறிப்போகும். மணிச்சத்து தரும் டி.ஏ.பி. உர மூட்டையை எப்போது பிரித்து எந்த இடத்தில் போடுவது என்ற பேச்சு மட்டும் வராது. உழவு முறை மாறினால் உரம் மண்ணுக்குள் போய்ச் சேரும் ஆழமும் தூரமும் மாறிவிடும். அதனால் இரண்டையும் ஒரே கணக்காகப் பார்ப்பதுதான் சரி.

முதலில் அளவு. இறவையில் வீரிய ஒட்டு ரகத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 250, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 75, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 75 கிலோ. ஏக்கருக்கு 100:30:30. மூட்டைக் கணக்கில் டி.ஏ.பி. 65 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ, யூரியா சுமார் 192 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் நாலேகால். தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், 25ஆம் நாள் அரை, 45ஆம் நாள் மீதிக் கால். டி.ஏ.பி.யிலேயே 12 கிலோ தழைச்சத்து வந்துவிடுவதால் அடியுரத்துக்கு யூரியா 29 கிலோ போதும். பிறகு 109, அப்புறம் 54. மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதில் உள்ள அளவுதான் செல்லும்.

இந்த மூன்று சத்துக்கும் மண்ணுக்குள் நடமாட்டம் வேறு வேறு. தழைச்சத்து தண்ணீரோடு ஓடும், காற்றிலும் போகும். மணிச்சத்து போட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். விரற்கடை நகர்ந்தாலே அதிகம். சுண்ணாம்பு கலந்த கரிசலில் மண்ணோடு எவ்வளவு பரவலாகக் கலக்கிறதோ அவ்வளவும் சுண்ணாம்போடு கட்டிக்கொண்டு பயிருக்கு எட்டாமல் போகும். ஆகவே டி.ஏ.பி.யை வயல் முழுக்க விசிறுவதைவிட வரிசையில் கோடாக இடுவதே லாபம். வேர் தேடி வர வேண்டிய தூரம் குறையும், மண்ணோடு உரசும் பரப்பும் குறையும்.

இப்போது உழவுக்கு வருவோம். வழக்கமான முறையில் கோடையில் சட்டிக் கலப்பை ஒன்று, மழைக்குப் பின் ஒன்பது கொத்துக் கலப்பை இரண்டு ஓட்டு, கடைசியில் ரோட்டவேட்டர், அப்புறம் 60 செ.மீ. இடைவெளியில் பார், அதாவது விதை ஊன்றும் மேட்டு வரிசை. இதில் டி.ஏ.பி.யை விசிறியே போட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, ஒரு நிபந்தனையோடு: பார் பிடிப்பதற்குச் சற்று முன் விசிற வேண்டும். பார்க் கலப்பை 60 செ.மீ. அகலத்தில் கிடக்கும் மேல்மண்ணை இழுத்துப் பாதி அகலத்துக்குள் குவிக்கிறது. மண்ணோடு உரமும் குவியும். பாதி வரிசை உரம் மாதிரி ஆகிவிடும். அதையே ரோட்டவேட்டருக்கு முன்னால் விசிறினால் 10, 12 செ.மீ. ஆழம் முழுக்க மாவாகக் கலந்து நீர்த்துப் போகும். ஒரே உரம், ஒரே நாள், முன்பின் மாறியதில் இவ்வளவு வித்தியாசம்.

பார் இல்லாமல் சமதளத்தில் விதைப்புக் கருவியால் விதைப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே விசிறுவது சுத்தமாக வீண்.

ரோட்டவேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டீசலும் நேரமும் மிச்சம்தான். ஆனால் வருஷம் தவறாமல் அதே ஆழத்தில் சுற்றினால் கத்தி நிற்கும் மட்டத்துக்குக் கீழே மண் கெட்டித் தட்டாக இறுகும். ஒரு கம்பியை ஈர மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஒரு சாணுக்குள் சட்டென்று முட்டினால் அதுதான். 30 நாள் செடியைத் தோண்டி எடுத்தால் வேர் கீழே போகாமல் எல் வடிவில் மடங்கியிருக்கும். செம்மண்ணில் இன்னொரு கோளாறு: மாவாக்கிய மண்ணில் விதைத்த மறுநாள் மழை அடித்தால் பொருக்கு தட்டும். முளை அதை உடைக்க முடியாமல் மண்ணுக்குள்ளேயே இலை விரித்துச் சுருண்டு கிடக்கும். லேசாக ஒரு தண்ணீர் காட்டிப் பொருக்கை இளக்குவதுதான் வழி. குண்டூசித் தலை அளவுக்குப் பொடிக்க மக்காச்சோளம் கேட்பதில்லை, கோலிக்குண்டு அளவுக் கட்டி இருந்தால் பரவாயில்லை.

தட்டு இருந்தால் உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழம், ஒரு முறை நெட்டுக்கும் ஒரு முறை குறுக்குக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும். மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் களிமண்ணில் கத்தி இறங்கின மாதிரி ஒரு கீறல் விழும், பக்கவாட்டு மண் வழவழவென்று மெழுகிக்கொள்ளும், காசு போச்சு. உளி ஓட்டின வருஷம் எக்டருக்கு 12.5 டன் தொழு உரம் போடுவது நல்லது. ஆழமாக உழுததால் டி.ஏ.பி.யையும் ஆழமாகப் போடத் தோன்றும், வேண்டாம். முதல் மூன்று வாரம் வேர் மேல் 10 செ.மீ.யில்தான் மேயும்.

அந்த வயசில் மணிச்சத்து எட்டவில்லை என்றால் இலை ஓரம் கருஞ்சிவப்பாக மாறும். குளிர் நாளிலும் இப்படி வரும், அது வெயில் வந்ததும் தெளிந்துவிடும்; இது தெளியாது.

சரியான இடம் எது? விதைக்கு 5 செ.மீ. பக்கவாட்டில், 5 செ.மீ. கீழே. விதையோடு ஒரே குழியில் போட்டால் டி.ஏ.பி.யிலிருந்தும் யூரியாவிலிருந்தும் வரும் அம்மோனியா முளை வேரைக் கருக்கிவிடும். வரிசையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடி முளைத்தால் விதைக் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் அந்த இடத்தைத் தோண்டி, முளை வேரின் நுனி பழுப்பாகக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பொட்டாஷையும் அதே கோட்டில் சேர்த்தால் உப்புச் சுமை கூடும். கோட்டில் டி.ஏ.பி. மட்டும், 50 கிலோ பொட்டாஷும் 29 கிலோ யூரியாவும் பாருக்கு முன் விசிறல் என்று பிரித்துக்கொள்வது பாதுகாப்பு.

உரப்பெட்டி வைத்த விதைப்புக் கருவியை நம்பி வயலில் இறங்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். 60 செ.மீ. வரிசை என்றால் ஏக்கரில் மொத்த வரிசை நீளம் சுமார் 6,745 மீட்டர். 65 கிலோ டி.ஏ.பி.யை அதில் பரப்பினால் மீட்டருக்கு 9.6 கிராம். உரக்குழாய் முனையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி 20 மீட்டர் ஓட்டி, விழுந்ததைத் தராசில் போடுங்கள். 190 கிராம் வர வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று 250, இன்னொன்று 120 என்று காட்டுவது சகஜம். ஈரம் பிடித்த டி.ஏ.பி. குழாயில் அடைத்துக்கொள்ளும், டிராக்டர் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, மூன்றாவது வாரம் அந்த வரிசை மட்டும் நோஞ்சானாக நிற்கும்போதுதான் தெரியும். யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் கலந்து பெட்டியில் போட்டால் அரை நாளில் கூழாகிவிடும். துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி.யோடு கலக்கவே கூடாது, இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும். துத்தநாகம் தனியாக, மணலோடு. மறந்தால் குருத்து இலையின் அடிப்பக்கம் வெளுத்த பட்டை விழும்.

பெரம்பலூர், அரியலூர் கரிசல் மானாவாரியில் கணக்கு கொஞ்சம் வேறு. புரட்டாசி மழையை நம்பி விதைத்துவிட்டு மழை தள்ளிப்போனால் மேல்மண் வெடித்துக் காயும். மேலே விசிறிய உரம் காய்ந்த மண்ணில் பூட்டிக் கிடக்கும், வேர் கீழே ஈரத்தில் இருக்கும். இங்கே 7, 8 செ.மீ. ஆழத்தில் வரிசை உரம் வைப்பது இறவையைவிட அவசியம்.

இனி உழவில்லா முறை. ஆந்திராவில் கிருஷ்ணா, குண்டூர் பக்கம் நெல் அறுத்த தாளடியில் உழாமலே மக்காச்சோளம் ஊன்றுவது பழகிப்போன வேலை. உழவுச் செலவும், காத்திருக்கும் நாளும் மிச்சம். நெல்லுக்குப் பின் மீந்த ஈரம் வீணாகாது. கயிறு பிடித்து, குச்சியால் 4 செ.மீ. குழி குத்தி விதை. 5, 6 செ.மீ. தள்ளி இன்னொரு குழியில் அடியுரம், காலால் மூடு. இந்த இரண்டாவது குழிக்குச் சோம்பல்பட்டு விசிறினால் முறையே தோற்றுவிடும். மணிச்சத்து தரையின் மேல் தோலோடு நின்றுபோகும். யூரியாவின் கதி இன்னும் மோசம்: மக்கும் தாளில் யூரியாவை உடைக்கும் நொதி அதிகம், அம்மோனியா ஆவியாகக் கிளம்பிவிடும். தாள் மக்கும்போது நுண்ணுயிர்களும் தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்வதால் இளம்பயிர் வெளிறும். அடியுரத் தழைச்சத்தைக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்காக ஏற்றி, 25ஆம் நாள் பங்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

உழவில்லா முறைக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் படைப்புழு. மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் இந்தப் புழு இந்தியாவுக்குள் வந்த 2018க்குப் பிறகு அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. கூட்டுப்புழு மண்ணில் சில செ.மீ. ஆழத்தில்தான் இருக்கும், கோடை உழவு அதை வெயிலுக்கும் கொக்குக்கும் காட்டிக்கொடுக்கும். மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம் போடுகிற நிலத்தில் உழவை விடாதீர்கள், கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் சேருங்கள். நெல்லுக்குப் பின் என்றால் அந்தப் பயம் குறைவு.

மேலுரத்தில் எல்லா முறைக்கும் ஒரே விதி: மூடு. 25ஆம் நாள் 109 கிலோ யூரியாவை ஏக்கரில் நிற்கும் 26,700 செடிக்குப் பிரித்தால் செடிக்கு 4 கிராம், தட்டையாக ஒரு டீஸ்பூன். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி 5 செ.மீ. குழியில் வைத்து மூட ஆள் கூலி கட்டாது என்பவர்கள், பாரின் பக்கவாட்டில் சிறு சால் இழுத்து அதில் விட்டு மண் தள்ளலாம். பனி காயாத காலையில் விசிறினால் குருத்துக்குள் குருணை விழுந்து இலை வெந்துபோகும். 45ஆம் நாள் பங்குக்குத் தனி வேலையே வேண்டாம். யூரியாவைப் போட்டுவிட்டு மண் அணைத்தால் மண்ணே மூடிவிடும். அப்போது ஆழமாகக் கொத்தக் கூடாது, வேர் இரண்டு வரிசைக்கு நடுவில் வரை வந்திருக்கும்.

கை இருப்பு குறைவாக இருந்து ஒன்றுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால், தட்டு இல்லாத நிலத்தில் ஒரு உழவைக் குறைத்து அந்தக் காசில் டி.ஏ.பி.யை வரிசையில் வைக்க இரண்டு ஆள் விடுங்கள். தட்டு இருக்கும் நிலத்தில் உளிக்கலப்பைதான் முதல்.