அப்பாவின் வயிற்றுக் குழாயும் நம் தோலில் வாழும் கிருமியும்

சிறுநீரகம் செயலிழந்த அப்பாவுக்கு, கல்லடியில் எங்கள் வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயலிசிஸ் (இரத்தத்தில் சேரும் கழிவை வெளியே எடுக்கும் சிகிச்சை) செய்கிறோம். வயிற்றில் வைத்த மெல்லிய குழாயால் 2 லீற்றர் திரவத்தை உள்ளே விட்டு, 4 முதல் 6 மணித்தியாலம் வைத்திருந்து வடித்துவிட்டு, புதுப் பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 4 தடவை. இதைத் தொடங்கப்போகிற குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

பயிற்சி தந்த மிஸ், திரவத்துக்கு முன்னால் கையைப் பற்றித்தான் கதைத்தார். "ஊத்தைக் கைக்கு எல்லாரும் பயப்படுவீங்க. துப்புரவான கையிலயும் கிருமி இருக்கு. எனக்கு அதுதான் பயம்." அவர் சொன்னது ஸ்டஃபைலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற கிருமியை. எல்லார் தோலிலும் அது இருக்கிறது. அங்கே இருக்கும்வரை ஒரு கரைச்சலும் இல்லை. பிளாஸ்ரிக் குழாய் கிடைத்தால் ஒட்டிக்கொண்டு, வழுவழுப்பான படலம் ஒன்றைக் கட்டி அதற்குள் இருந்துவிடும். அதற்குப் பிறகு மருந்து அதை எட்டுவதே கஷ்டம்.

பை மாற்றும்போது ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்த வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் அந்த அறை வெந்துபோகும். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மோதிரத்தைக் கழற்றி, மாஸ்க் போட்டு, சவர்க்காரத்தால் கை கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மூடியைக் கழற்றிக் குழாய்களைப் பொருத்தும் அந்தச் சில வினாடிகளில்தான் எல்லாம் இருக்கிறது. குழாயின் நுனி கை விரலில் பட்டால்கூட மாட்டாதீர்கள். குழாயை அடைக்கும் கிளம்பைப் பூட்டிவிட்டு கிளினிக்குக்குப் போன் எடுங்கள். பார்க்க வந்த மாமியை வெளியே கதிரையில் இருக்கச் சொன்னதில் அவவுக்கு மனவருத்தம்தான். சரி, பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

வடிந்த பையைப் பத்திரிகையின் மேல் வைத்துப் பார்ப்போம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். ஒருநாள் காலை எழுத்து மங்கலாக இருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சலும் இல்லை, வயிறு லேசாக நொந்ததோடு சரி. பையைக் கொட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு மைக்ரோலீற்றரில் வெள்ளை அணுக்கள் 100க்கு மேல், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணு) என்றால் தொற்று என்று எடுப்பார்களாம். அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் திரவப் பையிலேயே கலந்து ஏற்றினார்கள். பிறகு வந்த முடிவில் அதே தோல் கிருமி.

"யார்ர கையால வந்தது?" என்று அப்பா கேட்டார். அம்மாவின் முகம் வாடிப்போனது. குழாய் நுனியாலும் வரலாம், குழாய் வெளியே வரும் துவாரத்தாலும் வரலாம், அதைத் தேடிப் பிரயோசனமில்லை என்று டொக்டர் சொன்னது பெரிய ஆறுதல். வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்; பயந்த கை நடுங்கும்.

இரண்டு கிழமை மருந்தில் திரவம் தெளிந்தது, குழாயையும் எடுக்க வேண்டி வரவில்லை. இப்போது துவாரத்தைச் சுற்றிப் பூச ஒரு கிறீம் தந்திருக்கிறார்கள். அதை அம்மாதான் பூசுகிறா.